குமட்டும் பெட்டி

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் காலை பதினோரு மணி என்பது நைட் ஷிஃப்ட் பையன்களுக்கு நடுநிசி. தாவீது ஹாஸ்டலுக்குள் நுழைந்தபோது வெளியே வெயில் கண்ணைப் பறித்தது. உள்ளே செல்போன் வெளிச்சம் இல்லாமல் படி தெரியவில்லை. கம்பெனி அட்டைப் பெட்டிகளைக் கிழித்து ஜன்னல்களையெல்லாம் அடைத்திருந்தார்கள். அறைக்கு எட்டுப் பேர், தலையும் காலும் மாறி மாறிக் கிடந்தார்கள். ஈர சாக்ஸின் நாற்றம், பினாயில் நாற்றம், இரண்டுக்கும் அடியில் ஊசிப்போன பருப்பின் வாடை. பத்து நாளாகியும் அந்த வாடை போகவில்லை.

தாவீது படப்பைக்காரன். கேமரா மாட்டுவதும் பழுது பார்ப்பதும் தொழில். இந்த ஹாஸ்டலின் கேமராக்களும் அவன் மாட்டியவைதான். அவற்றில் பதிவாகும் படமெல்லாம் ஆபீஸ் அறையில் இருக்கும் ஓர் இரும்புப் பெட்டிக்குள் போய்ச் சேரும். செங்கல் அளவுப் பெட்டி. உள்ளே ஒரு ஹார்ட் டிஸ்க், முதுகில் சின்ன ஃபேன், அவ்வளவுதான்.

படியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். இசக்கியப்பன். பத்து நாளைக்கு முன் ஹாஸ்டல் சாப்பாட்டில் பதினேழு பேருக்கு வாந்தியும் பேதியும் கண்டது. மூன்றாம் நாள் இவனுடைய தம்பி இசக்கிபாண்டி செத்துப்போனான். இருபத்தொரு வயது. ஊரில் அடக்கம் செய்துவிட்டு அண்ணன் மட்டும் திரும்பி வந்திருந்தான்.

"அண்ணே, சமையக்கட்டு கேமராவுல அன்னைக்கு ரெக்கார்டு எதும் இருக்கா? ஆதாரம் இல்லாம புகார் குடுத்தா நிக்காதுங்காவ."

"பாக்கறேன்பா," என்றான் தாவீது, அவன் முகத்தைப் பார்க்காமல்.

பார்க்க என்ன இருக்கிறது? தம்பி செத்த அன்றே ஹாஸ்டல் முதலாளி டில்லிபாபு தாவீதைக் கூப்பிட்டு, சாப்பாடு கெட்ட நாளின் பதிவை அழிக்கச் சொன்னார். தாவீது அழித்தான். அழிக்கும் முன் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தான். பார்த்ததை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து வீட்டில் குழம்பை ஊற்றினால் தட்டை நகர்த்திவிடுகிறான்.

ஆபீஸ் அறையில் டில்லிபாபு மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியபடி நின்றார்.

"வா தாவீது. இன்னா எழவுப் பொட்டிப்பா இது? ஒரு வாரமா ஓக்காளிக்குது. பசங்க தூக்கத்துலேர்ந்து எழுந்து வந்து யாருக்கு உடம்பு சரியில்லன்னு கேக்கறானுங்க." குரலைத் தாழ்த்திச் சிரித்தார். "அதுவும் ரோட்டோரம் பானிபூரி துன்னுச்சோ இன்னாவோ."

இசக்கிபாண்டி வெளியே பானிபூரி தின்றான் என்றுதான் அவர் ஊரெல்லாம் சொல்லியிருந்தார்.

தாவீது குனிந்து பெட்டியில் காதை வைத்தான்.

ட்டக். ட்டக். பிறகு நீளமாக ஓர் இழுப்பு. அதன் முடிவில் ஈரமாக ஏதோ புரண்டது.

சத்தத்தைப் பிடிக்க ஒரு முறை உண்டு. ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றியதும் சத்தம் நிற்கிறதோ, குற்றம் அதில்தான். முதலில் மேஜை. இரும்பு மேஜை சின்ன அதிர்வையும் பெரிதாக்கும் என்று அடியில் ஸ்பாஞ்ச் வைத்தான். நிற்கவில்லை. ஃபேனின் வயரை உருவினான். இறக்கை சுற்றி ஓய்ந்தது. சத்தம் ஓயவில்லை. அடாப்டர் சோப்பிளாங்கியாக இருந்தால் டிஸ்க் எழ முடியாமல் முட்டிக்கொண்டே இருக்கும். தன் பையிலிருந்து புதியதைப் போட்டான்.

ட்டக். ட்டக்.

கரண்டை நிறுத்திவிட்டு மூடியைத் திறந்தான். விரலில் பிசுபிசுப்பு. ஸ்குரூ ஓட்டையிலிருந்து மஞ்சளாக ஏதோ கசிந்திருந்தது. கிரீஸ் என்று நினைத்துத்தான் முகர்ந்தான்.

கிரீஸில் பெருங்காயம் மணக்காது.

பேன்ட்டில் துடைத்தான். துடைத்த இடமும் நாறியது. மூச்சை அடக்கிக்கொண்டு டிஸ்கை வெளியே எடுத்தான். அது உள்ளங்கையில் சில்லென்று, ஊமையாக இருந்தது.

மேஜைமேல் வெறும் கூடு கிடந்தது. டிஸ்க் இல்லை. ஃபேன் ஓடவில்லை. கரண்ட் இல்லை.

அது குமட்டியது.

டில்லிபாபு சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

அந்த நேரத்தில் தாவீது எதையும் யோசிக்கவில்லை. கை தன்பாட்டுக்குப் பழக்கத்தைச் செய்தது. மோட்டார் பட்டறையில் வேலை பார்த்த நாளில் வந்த பழக்கம் அது. ஸ்குரூ டிரைவரின் நுனியைப் பொருளில் ஊன்றி, பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டால் சத்தம் எலும்பு வழியாக ஏறி வரும். காது தப்பாகச் சொல்வதைப் பல் சரியாகச் சொல்லிவிடும்.

கடித்தான்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு தொண்டை கேட்டது. எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்டு, தள்ள இன்னும் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று வெறுமனே சுருங்கிச் சுருங்கி விரியும் ஒரு வயிறு கேட்டது. பல்லுக்கு வெகு பக்கத்தில். வாய்க்குள் வெதுவெதுப்பாகப் புளிப்பு ஊறியது. நாக்கின்மேல் மயிர்போல ஒன்று ஊர்ந்து உள்ளே போனது.

விழுங்கிவிட்டான்.

பெட்டி அடங்கிப்போயிற்று.

மாடியில் யாரோ புரண்டு படுக்கும் ஓசை மட்டும் கேட்டது.

"நின்னுடுச்சா? அப்பாடா! கைகாரன்பா நீ," என்றார் டில்லிபாபு. அருகில் வந்து கிசுகிசுத்தார். "அந்த நாள் படம் திரும்ப எதுலயும் வராதே?"

"வராது. அழிச்ச எடத்துல இந்த ஒரு வாரப் படம் ஏறிடுச்சு. யார் தோண்டினாலும் கெடைக்காது."

உண்மைதான். சொல்லும்போதே விலா எலும்புக்குக் கீழே ஏதோ திரும்பிப் படுத்தது.

டிஸ்கைப் பழையபடி மாட்டிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்தான். இசக்கியப்பன் எழுந்து நின்றான்.

"இருந்திச்சாண்ணே?"

"ஒண்ணு..."

அதற்குமேல் வரவில்லை. 'மில்ல' என்பது தொண்டையில் நின்றது. அதைத் தள்ளிக்கொண்டு வேறொன்று மேலே ஏறியது. ஆபீஸ் கதவிலிருந்து வெளிச்சம் விழுந்த படியில் தாவீது மண்டியிட்டான். காலையில் ஒரு டீ மட்டும் குடித்தவன் அவன். வெளியே வந்தது மஞ்சள் தண்ணீர், வேகாத பருப்பு, ஒரு சிட்டிகை அளவுக்கு விறைப்பான சாம்பல் நிற மயிர்.

ஈக்கள் உடனே வந்துவிட்டன.

"இருங்க, இருங்க." இசக்கியப்பன் ஒரு கையால் அவன் நெற்றியைத் தாங்கி, மறு கையால் முதுகை நீவினான். அந்தக் கைகளுக்கு இந்த வேலை பழகியிருந்தது.

வாந்தி நின்றது. தாவீது வாயை இறுக மூடினான்.

ட்டக். ட்டக். இழுப்பு.

நீவிய கை நின்றது. இசக்கியப்பன் மெல்லக் குனிந்து, தாவீதின் சட்டைமேல் காதை வைத்தான். வெகுநேரம் வைத்திருந்தான்.

"எங்க பாண்டிண்ணே இது," என்றான். "மூணு நாளு மடியில போட்டுக் கேட்டிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

தாவீது சொல்லத் தொடங்கினான். சாம்பார் அண்டாவுக்குள் பெருச்சாளி ஒன்று ஊறிக் கிடந்ததை. சமையல்காரர் அதை வாலைப் பிடித்துத் தூக்கியபோது தோல் மட்டும் கையோடு வந்ததை. டில்லிபாபு உள்ளே வந்து பார்த்துவிட்டு, அண்டாவைக் கொட்டவேண்டாம், இன்னொரு கொதி விடு என்று கையால் சைகை காட்டியதை. அந்தப் பதிவைத் தன் விரலாலேயே அழித்ததை. ஒவ்வொரு வார்த்தையும் நாற்றமெடுத்து வந்தது. நிறுத்தாமல் சொல்லி முடித்தான்.

"ஸ்டேஷனுக்கு வரேன். எங்க கையெழுத்துப் போடணுமோ போடறேன்."

இசக்கியப்பன் அடிக்கவில்லை. திட்டவில்லை. ஈக்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தான்.

சொல்லிவிட்டால் அடங்கும் என்று தாவீது நம்பியிருந்தான். அடங்கவில்லை.

"எனக்கு வேணாம்பா. ஒண்ணும் எறங்காது."

"ஒங்களுக்கு இல்லண்ணே."

இசக்கியப்பன் அவன் வயிற்றருகே குனிந்தான். தூங்குகிறவனை எழுப்பாமல் பேசுவதுபோல அவ்வளவு மெதுவாகப் பேசினான்.

"எல பாண்டி. தண்ணி தண்ணின்னியே. கொண்டாந்திருக்கேன். மெதுவாக் குடில."

தாவீது பற்களை இறுகக் கடித்துக்கொண்டான்.

வாய் திறந்துகொண்டது.