இருப்பிடம்: வில்லா அசுந்தா

ஏழாவது மடிக்கணினியில் மொழியைத் தேர்ந்தெடுத்துவிட்டு 'தொடர்க' என்பதை அழுத்தினாள் நேலிதா கிரோகா. உலக வரைபடம் வந்தது. முந்தைய ஆறிலும் சிவப்புப் புள்ளி தானாகவே புவனோஸ் ஐரிஸ் மேல் போய் நின்றிருந்தது. இதில் அது மேற்கே, மலைத்தொடரின் மடிப்புக்குள் கிடந்தது. கீழே பெட்டியில் எழுதியிருந்தது: வில்லா அசுந்தா.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். எழுத்து மாறவில்லை.

"ரொசெந்தோ, கொஞ்சம் இங்க வாயேன்."

பட்டறையின் மறுமூலையிலிருந்து ரொசெந்தோ மாத்தே தேநீர்க் குடுவையோடு எழுந்து வந்தான். சான் ஹுவான் பள்ளிகளில் கழித்துப்போட்ட கணினிகளுக்குப் புது இயங்குதளம் ஏற்றித் திருப்பி அனுப்புவது அவர்கள் இருவர் வேலை. ஒன்பது வருடமாக ஒரே அறை.

"என்ன நெலி, மறுபடியும் போர்ச்சுகீஸ்ல தொட்டுட்டியா? போன தடவை ஒரு பள்ளிக்கூடத்தையே பிரேசிலுக்கு அனுப்பி வச்ச."

அவள் திரையைக் காட்டினாள். அவன் சிரிப்பு நின்றது.

"இணையம் குடுத்திருக்கியா?"

"இல்ல. வயரே சொருகல."

"அப்ப இதுக்குத் தெரிய வழியே இல்லையே. இணையம் இருந்தா எங்கேருந்து பேசுறோம்னு வெளியே கேட்டுக்கும். இல்லன்னா நீ சொன்ன மொழிய வச்சு நாட்டை ஊகிக்கும், நாட்டை வச்சு நேரம், விசைப்பலகை எல்லாத்தையும் ஊகிக்கும். நாட்டுக்குள்ள எந்த ஊர்னு புரியலன்னா தலைநகரத்தப் போட்டுட்டுப் போயிடும். அவ்வளவுதான் அதுக்குப் புத்தி."

"பட்டியல்லயே பத்துப் பன்னெண்டு ஊர்தான் ரொசெந்தோ. அசுந்தா நாப்பது வீடு."

அவன் அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, பெட்டியில் சான் ஹுவான் என்று மாற்றினான்.

"கையால மாத்திட்டுப் போயிட்டே இரு. பழைய டிஸ்க்கு, என்னத்தையாவது ஞாபகம் வச்சிருக்கும். சோண்டாக் காத்து இறங்கிடுச்சாம், பள்ளிக்கூடமெல்லாம் விட்டாச்சு. நீயும் கிளம்பு."

"இந்த வரிசைய முடிச்சுட்டு வரேன்."

"பிடிவாதக் கழுதை. ஜன்னலையாவது இறுக்கிச் சாத்து."

அவன் போன பிறகு கதவு கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன், ஒரு ஜனவரி மதியம், வில்லா அசுந்தாவுக்கு மேலே மலை கரைந்து இறங்கி ஊரை மூடியது. நேலிதா அன்று நகரத்தில் வேலையில் இருந்தாள். ஒன்பது வயது மகள் யமீலாவை, பெரியம்மா தெல்ஃபினாவின் வீட்டில் விட்டிருந்தாள். காலையில்தான் மகள் தொலைபேசியில் கேட்டாள்: "அம்மா, இன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயேன். இங்க ஒரே மழையா இருக்கு." ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள் நேலிதா. மூன்று வாரம் தோண்டினார்கள். பிறகு இயந்திரங்களை இறக்கிக் கொண்டுபோய்விட்டு, சேற்றின் மேல் ஒரு சிலுவை நட்டார்கள். யமீலா கிடைக்கவில்லை.

வெளியே சோண்டா முற்றிக்கொண்டிருந்தது. மலை தாண்டி வரும் அந்தச் சுடுகாற்று, பாப்ளார் மரங்களை ஒரே பக்கமாக வளைத்துப் பிடித்துக்கொண்டு, தகரக் கூரையின் ஓரத்தை நகத்தால் நெம்புவதுபோல் நெம்பி, சாத்திய ஜன்னல் பலகைகளின் இடுக்குகளில் மாவுபோன்ற புழுதியைப் பீய்ச்சியது. மதியம் மூன்று மணிக்கே அறை பழுப்பு மஞ்சளாக இருண்டது. உதடு வெடித்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது, தொட்ட இரும்பெல்லாம் சுருக்கென்று மின்பொறி அடித்தது. திரைகளின் நீல வெளிச்சத்தில் புழுதி மெல்ல மெல்ல இறங்கி மேசைமேல் படிந்துகொண்டிருந்தது.

எட்டாவது கணினி. மொழி. தொடர்க.

வில்லா அசுந்தா.

சான் ஹுவான் என்று மாற்றினாள். அடுத்த பக்கம் போனாள். திரும்பி வந்து பார்த்தாள். வில்லா அசுந்தா. மீண்டும் மாற்றினாள். பெட்டி ஒரு கணம் அவளுக்குக் கீழ்ப்படிந்திருந்தது. பிறகு, யாரோ பொறுமையாகத் திருத்துவதுபோல, எழுத்து எழுத்தாகப் பழைய பெயரே வந்து உட்கார்ந்தது.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. இந்தக் காற்றில் அப்படி ஒரு வாடைக்கு வழியே இல்லை. ஈர மண். கிணற்றடி மண்போல, ஆழத்தில் வெகுநாள் கிடந்த மண்போல. வீசவில்லை. பக்கத்தில் நின்றது.

அவள் எழுந்தாள். வரிசையில் பதினொரு கணினிகள். முடித்து மூடி வைத்த ஆறும் திறந்திருந்தன. எல்லாவற்றிலும் ஒரே சிவப்புப் புள்ளி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதல் திரை அடுத்த பக்கத்துக்குப் போனது.

'உங்கள் பெயர்?'

பெட்டி ஏற்கெனவே நிரம்பியிருந்தது. எர்சீலியா பாயெஸ். அசுந்தாவில் அடுப்பு ரொட்டி சுட்டு விற்றவள். விடியுமுன் தெருவெல்லாம் அவள் செமீத்தா ரொட்டி மணக்கும். அடுத்தது வெனான்சியோ ஓர்த்தா, பள்ளி ஆசிரியர். அடுத்தது அவர் மனைவி. நேலிதா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஓடிப்போக வேண்டும் என்று கால்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

எட்டாவதில் தேவாலயத்து மணியடிக்கும் லிசாந்த்ரோ. ஒன்பதாவதில் தெல்ஃபினா கிரோகா.

பத்தாவதில், யமீலா கிரோகா.

அவள் குனிந்தாள். திரையைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. அவள் விரல் பட்ட இடத்தில் ஒரு நீர்த்துளி திரண்டு கீழே வழிந்தது.

"நான் ஞாயித்துக்கிழமை வந்தேன் கண்ணு," என்றாள். "சொன்ன மாதிரி வந்தேன். வழியே இல்லம்மா. பாதையே இல்ல."

காற்று நின்றது. முழுதாக. கூரை அடங்கியது. மரங்கள் அடங்கின. ஜன்னல் பலகைகள் மட்டும் முனகின. உள்பக்கமாக. பெரிய பாரம் ஒன்று வெளியே சாய்ந்து நிற்பதுபோல. இடுக்குகளில் இருந்த மஞ்சள் வெளிச்சம் கீழிருந்து மேலாக, கோடு கோடாக அணைந்தது.

பதினோராவது திரை.

'உங்கள் பெயர்?'

பெட்டி காலி.

ஒரு விசை தானாகக் கீழே போனது. மேலிருந்து அழுத்தியதுபோல் இல்லை. அடியிலிருந்து இழுத்ததுபோல. அது மேலே வந்தபோது ஓரங்களில் கருஞ்சேறு பிதுங்கியது.

பெட்டியில் ஒரே ஒரு எழுத்து. ஸ்பானிய எழுத்தில் நேலிதாவின் முதல் எழுத்து, N.

பிறகு ஒன்றுமில்லை. கோடு மட்டும் துடித்தது. காத்திருந்தது.

ஏன் நின்றது என்று அவளுக்குத் தெரிந்தது. அடுத்த எழுத்தான e-யின் தலையில் ஒரு சாய்கோடு வேண்டும். அதற்கு ஒரு தனி விசை. தொழிலில் அதைச் செத்த விசை என்பார்கள்: அழுத்தினால் ஒன்றும் தெரியாது, அடுத்த எழுத்து வரும்வரை மறைந்திருக்கும். குழந்தைகளுக்கு அது அகப்படுவதே இல்லை. அம்மா, உன் பேர்ல வர்ற கோடு எங்க இருக்கு? ஒரே விரலால் தட்டித் தட்டி, யமீலா ஒவ்வொரு முறையும் இங்கேதான் நிற்பாள்.

கதவு பின்னால் இருந்தது. பூட்டவில்லை. நான்கு எட்டுத் தொலைவு.

நேலிதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இங்க இருக்குடா," என்றாள். விரலை அந்த விசைமேல் வைத்து அழுத்தினாள்.

திரையில் ஒன்றும் வரவில்லை. விசை திரும்ப எழவும் இல்லை. சேற்றுக்குள்ளிருந்து மெல்லிய, சில்லென்ற ஒன்று அவள் விரல்நுனியைத் தொட்டது. தடவிப் பார்த்தது. பிறகு சுற்றிக்கொண்டது.

அவள் விரலை இழுக்கவில்லை.

சாய்கோட்டோடு அடுத்த எழுத்து வந்தது. அதற்கடுத்தது. விசைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒவ்வொன்றுக்கும் அவள் கை கொஞ்சம் உள்ளே போனது. முதல் கணு. இரண்டாம் கணு. உள்ளங்கை. வலியில்லை. குளிர் மட்டும்.

பெயர் முழுதாக வந்தபோது மணிக்கட்டுவரை சேறு. பெட்டிக்குக் கீழே 'தொடர்க' ஒளிர்ந்தது. மேசைமேல் அவளுடைய மறுகை சும்மா கிடந்தது.

அது அசைந்தது. மெல்ல அந்த 'தொடர்க'வை நோக்கி நகர்ந்தது.