பின் சீட்டில் வெளுக்காத இடம்

வெயிலில் வெளுத்துப் போன தோல் சீட்டைக் கலர் அண்ணன் கையில் கொடுத்தால் போதும், புதுக் கார் சீட்டு போல ஆக்கிவிடுவார். அந்தத் திமிரும் அவருக்குக் கொஞ்சம் உண்டு. அன்று காலை பட்டறை வாசலில் வந்து நின்ற காரைப் பார்த்தபோதும், இதெல்லாம் நமக்கு ஜுஜுபி என்றுதான் நினைத்தார்.

காரைக் கொண்டுவந்தவர் மடிப்புக் கலையாத சட்டைக்காரர். வண்டி இரண்டு வருஷமாக வெயிலில் பூட்டியே கிடந்ததாம். பேசிக்கொண்டே, மூலையில் நீலக் கவுன் போட்டுக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்த அண்ணனின் மகளைப் பார்த்தார்.

"உங்க பொண்ணா? என்ன வயசு?"

"எட்டு சார். ஸ்கூல் லீவு, அவங்க அம்மா வேலைக்குப் போயிருக்கா. அதான் இங்க."

"நல்லதாப் போச்சு" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அண்ணன் பின் கதவைத் திறந்தார். சூடான தோல் வாடை. அதற்கடியில் புளித்த பால் வாடை. பழுப்புச் சீட்டு முழுக்க வெளிறிக் கிடந்தது, ஒரே ஓர் இடத்தைத் தவிர. அங்கே ஒரு சின்ன முதுகு, இரண்டு குட்டித் தொடைகள், இரு பக்கமும் ஊன்றிய பிஞ்சு விரல்கள், எல்லாம் அடர்ந்த பழுப்பில் அப்படியே பதிந்திருந்தன.

சீட்டின் மேல் துண்டு கிடந்தால் துண்டின் அளவுக்கு வெளுக்காமல் இருக்கும். அது தொழில் தெரிந்த எவருக்கும் தெரியும். அப்படியென்றால் பூட்டிய காருக்குள் இரண்டு வருஷம் ஒரு குழந்தை அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

அண்ணன் சட்டைக்காரருக்குப் போன் போட்டார்.

"சார், பின் சீட்டுல ஏதாவது வச்சிருந்தீங்களா?"

"ஒண்ணும் வைக்கல. அந்த எடம் தெரியக் கூடாது, அவ்வளவுதான்."

நமக்கேன் வம்பு என்று அண்ணன் வேலையில் இறங்கினார். பழைய கலர் எதுவென்று தேடி அலைய வேண்டாமே என்று உள்ளூரச் சந்தோஷம்கூட. சாய டப்பாவின் மூடியை அந்தப் பிஞ்சு விரல்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கலந்தார். உப்புத்தாளால் தேய்த்தார். பஞ்சில் தொட்டுச் சாயம் ஏற்றினார். கடைசி விரல் மறையும்போது யாரோ விசும்பினார்கள்.

"அப்பா, ஏன் அவள அழ வைக்கற?" மகள் பென்சிலால் காரைக் காட்டினாள்.

"வாய மூடிட்டு வரை."

சாயம் இறுக நல்ல சூடு வேண்டும். உச்சி வெயிலில் வண்டியை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். பக்கத்துப் பட்டறையில் கார் ஒடுக்குத் தட்டும் டிங்கர் டீயோடு வந்தான்.

டொக். டொக். டொக்.

எந்நேரமும் இவனுக்குச் சுத்தியல்தான் என்று அண்ணன் நிமிராமலே சலித்துக்கொண்டார்.

டிங்கர் எதிரில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான்.

மூலையில் பென்சில் மட்டும் கிடந்தது.

அண்ணன் ஓடினார். சாவி இரண்டு முறை நழுவியது. கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. பின் சீட்டில் மகள் வேர்வையில் நனைந்து, உதடு வெடித்து, உயிரோடு இருந்தாள். அவளுடைய இரண்டு கைகளும் வெறும் காற்றைக் கட்டிப் பிடித்திருந்தன.

"எப்படிம்மா உள்ள போன?"

"அந்தப் பாப்பாதான் கதவத் தொறந்தா. உக்கார எடமில்லன்னு அழுதாப்பா. அதான் என் மடியில உக்காந்திருக்கா."

சாயங்காலம் சட்டைக்காரர் வந்தார். சீட்டைத் தடவிப் பார்த்தார். மகளின் மடக்கிய கைகளைப் பார்த்தார். நிம்மதியாக மூச்சு விட்டார்.

"அது என் பொண்ணு. அஞ்சே நிமிஷம்னு பூட்டிட்டுப் போனேன். போன் பேசிக்கிட்டே மறந்துட்டேன். இப்ப இந்த வண்டியோட மூணு கடை ஏறி இறங்கினேன். உங்க கடையிலதான் ஒரு கொழந்த இருந்துச்சு."

அண்ணன் அந்தச் சட்டையைப் பிடிப்பதற்குள் கார் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

மூன்று மாதத்தில் மகள் பாதியாக இளைத்துவிட்டாள். உட்கார்ந்தால் கால் மரத்துப் போய், தானாக எழ முடியவில்லை. டாக்டர்கள் கையை விரித்தார்கள். "நாளுக்கு நாள் கனக்கறாப்பா" என்று மட்டும் சொல்வாள். ஒருநாள் மனைவி நீலக் கவுனைக் கொண்டுவந்து விரித்தாள்.

"என்னங்க, இதப் பாருங்களேன். பூரா வெளுத்துப் போச்சு. மடி மட்டும் புதுசா இருக்கு."

மடியில் இரண்டு குட்டித் தொடைகள் பதிந்திருந்தன.

அழித்துவிடலாம். அழித்தால் அது வேறு மடி தேடும். இரண்டு நாள் அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் டிங்கரிடம் பேச்சுக் கொடுத்தார்.

"ஒன் பொண்ணு வீட்டுல தனியா என்ன பண்றா? இங்க கூட்டிட்டு வாயேன். ரெண்டும் வெளையாடட்டும்."

"ஒங்களுக்குப் பெரிய மனசுண்ணே" என்றான் டிங்கர். அவன் கண் கலங்கியிருந்தது.

மறுநாள் காலை ஐந்து வயசுப் பெண் துள்ளிக்கொண்டு வந்து, அண்ணன் மகளின் எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்தது. அண்ணன் கவுனை மேசையில் விரித்து நீலச் சாயத்தைக் கலக்கினார்.

"வேணாம்பா" என்றாள் மகள் மெதுவாக. "இவ ரொம்பச் சின்னவ. தாங்க மாட்டா."

அண்ணனுக்குக் காதில் நன்றாகவே விழுந்தது. மூடியை அந்தத் தடத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கலர் கச்சிதமாக ஒத்துப் போனது. பஞ்சைத் தொட்டு முதல் இழுப்பு இழுத்தார்.

"அக்கா," என்றது டிங்கரின் குழந்தை, "இங்க யாரோ அழறாங்க."