கதவு தட்டிய முப்பத்தேழு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. நம்பாதவர்களுக்குக் காஞ்சிபுரத்தில் எந்தக் கோபுரத்தின் முன்னால் வேண்டுமானாலும் நின்று சத்தியம் செய்து தரப்படும். கோபுரத்தை அவர்களே தேர்ந்தெடுக்கலாம்.

ஆயுதபூஜை முடிந்து நான்காம் நாள், வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. பிள்ளையார்பாளையத்தில் கலீமுல்லாவின் பட்டுப்புடவைக் கடை. பள்ளி விடுமுறை என்பதால் அவருடைய மகள் ஃபரா, பண்டிகைக்குப் பிறகு அன்றுதான் ஆன் செய்த, பில் போடும் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பதினொரு வயது.

திரையில் ஒரு சிவப்புக் கட்டம் எழுந்தது. ‘எச்சரிக்கை! போர்ட் ஸ்கேன். 37ஆம் எண் உங்கள் கதவுகளைத் தட்டுகிறது.’

“அப்பா, யாரோ நம்ம கம்ப்யூட்டரைத் தட்டிக்கினு இருக்காங்க!”

“தட்டினா உடைஞ்சிடும்மா. வேணாம்னு சொல்லு.”

“கையால இல்லப்பா. கம்ப்யூட்டருக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கதவுங்க இருக்குது. அறுபத்தஞ்சாயிரத்துச் சொச்சம். அதுல எது திறந்திருக்குதுன்னு யாரோ ஒண்ணொண்ணா தட்டிப் பாக்குறாங்க.”

“அறுபத்தஞ்சாயிரமா? ஒண்ணாவது பூட்டியிருக்கா?”

“எல்லாம் பூட்டித்தான் இருக்குது. ஆனா தட்டுறது யாருன்னு தெரியணும்ல?”

கலீமுல்லா “திருட்டு!” என்று ஒரு சத்தம் போட்டார். கோபுரத்துப் புறாக்கள் பயந்துபோய் ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் ஏறிவிட்டன. கண்டக்டர் அவற்றுக்கு அரை டிக்கெட் போட்டார்.

கலீமுல்லா பயந்ததற்குக் காரணம் இருந்தது. ஒரு கல்யாணப் புடவைக்கான மயில் டிசைன் கடையில் இருந்தது. வேறு எந்தக் கடையிலும் அந்த மயில் இருக்கக் கூடாது என்பது பெண் வீட்டாரின் நிபந்தனை. அதை மூன்று வாரமாக வரைந்துகொண்டிருந்தவர் கடையின் டிசைனர் ஜெபகுமார்.

கலீமுல்லா அவர் பக்கம் திரும்பினார். “உன் மச்சான் எதிர்க் கடையில வேலை செய்யுறான். நீ பண்டிகைக்குப் புது போன் வாங்கின. அது வந்ததும் தட்டுறதும் வந்துடுச்சு. சரிதானே?”

“பாய், போன்ல நான் கிரிக்கெட் ஸ்கோர்தான் பாக்குறேன்.”

“ஸ்கோரை வீட்லயே பாருப்பா. நாளைக்கு வர வேணாம்.”

ஜெபகுமார் நாற்காலியிலிருந்து எழுந்தார். பையைத் திறந்து, மேசையிலிருந்த பென்சில்களை ஒவ்வொன்றாக உள்ளே வைக்க ஆரம்பித்தார். மொத்தம் பதினொரு பென்சில்கள். ஆக, ஃபராவுக்குப் பதினொரு பென்சில் நேரம் இருந்தது.

மூன்றாவது பென்சில் உள்ளே போனபோது அவள் எழுந்தாள்.

“அப்பா, தட்டுறது அண்ணன்தான்னா, அவரைத் துண்டிச்சா நிக்கணும்ல?”

“நிக்கும். நின்னுதான் ஆகணும்.”

“அண்ணா, போனை ஆஃப் பண்ணுங்க.” அவர் கம்ப்யூட்டரின் நீல வயரையும் உருவினாள். எல்லாரும் திரையைப் பார்த்தார்கள்.

8,412ஆம் கதவு. 8,413ஆம் கதவு. தட்டுவது நிற்கவில்லை.

“போன்ல இருந்த திருடன் வெளியே குதிச்சிட்டானோ?” என்றார் கலீமுல்லா.

ஃபரா மேசைக்கு அடியில், வயர்கள் வந்து சேரும் பெரிய பெட்டியிடம் குனிந்தாள். மஞ்சள் வயரை உருவினாள். சிவப்புக் கட்டம் சட்டென்று மறைந்தது. திரும்பச் செருகினாள். 8,414.

அந்த வயரைப் பிடித்துக்கொண்டே சுவரோரமாக நடந்தாள். அது கடையைத் தாண்டி, பின்கட்டுக்குப் போய், தறியின் மேலிருந்த பெட்டியில் முடிந்தது. கம்ப்யூட்டரில் வரைந்த மயிலை வாங்கி, எந்த இழையைத் தூக்க வேண்டும் என்று தறிக்குச் சொல்லும் பெட்டி அது. அதன் முதுகில் 37 என்று ஒட்டியிருந்தது. தறியில் துர்காதேவி உட்கார்ந்து புதிதாக ஏற்றிய பாவின் நெடுக்கு இழைகளைப் பழைய பாவோடு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். நெய்ய ஆரம்பிக்க இன்னும் ஒரு நாள் ஆகும்.

“அக்கா, ஆயுதபூஜைக்கு வயரையெல்லாம் கழட்டினீங்களா?”

“கழட்டாம எப்படித் தொடைக்கிறது? கழட்டி, தொடைச்சு, பொட்டு வச்சு, திரும்ப மாட்டினேன். முன்னைவிட அழகாவே மாட்டினேன்.”

“அழகாவா?”

“பெரிய பெட்டியில அரக்குக்கும் மஞ்சளுக்கும் நடுவுல ஒரு நீல வயர் இருந்துச்சு. எந்தப் புடவையிலயாவது இப்படிப் பார்டர் பாத்திருக்கியா? கண்ணை உறுத்திக்கினே இருந்துச்சு. அதான் நீலத்தை எடுத்து அந்தச் சின்னப் பெட்டியில குத்திட்டேன்.”

ஃபராவுக்குச் சிரிப்பு வந்தது. பெரிய பெட்டி, கடையின் மெஷின்களை ஒன்றோடொன்று சேர்ப்பது. சின்னப் பெட்டி, கடைக்கு வருகிறவர்களின் போனுக்கு இன்டர்நெட் கொடுக்க மட்டும்.

“அப்பா, இதுல திருடனே இல்ல. ஜெபா அண்ணன் கம்ப்யூட்டர் வேற பெட்டிக்குப் போயிடுச்சு. தறிப் பெட்டி அதைக் காணோம்னு நாலு நாளா தேடிக்கினு இருக்குது. கண்ணுக்குத் தெரிஞ்ச ஒரே கம்ப்யூட்டர் நம்ம பில் கம்ப்யூட்டர். அதான் அதோட கதவையெல்லாம் தட்டி, ‘மயிலு இங்க இருக்குதா?’ன்னு கேக்குது.”

துர்காதேவியின் முகம் சுண்டிப்போனது. “ஐயோ, என்னாலயா?”

“உங்க மேல தப்பில்லக்கா. நீலம் நல்லாதான் இல்ல.” ஃபரா மேசை டிராயரைக் குடைந்து ஒரு பச்சை வயரை எடுத்தாள். ஜெபகுமாரின் கம்ப்யூட்டரை அதனால் பெரிய பெட்டியோடு இணைத்தாள். “அரக்கு, பச்சை, மஞ்சள். இது ஓகேவா?”

துர்காதேவி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். “இது பார்டரு.”

தறி ஒரு பெருமூச்சு விட்டது. அந்தக் காற்றில் தெருமுனை இட்லிக் கடையின் ஆவி கலைந்துபோனதாக அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சொன்னார்கள். சிவப்புக் கட்டம் அதன்பிறகு வரவே இல்லை.

ஜெபகுமாரின் கையில் பதினோராவது பென்சில் இருந்தது. கலீமுல்லா அதை மெதுவாக வாங்கி மேசையில் வைத்தார்.

“மயிலுக்கு வால் முடியலையேப்பா. நாளைக்கு யாரு வரைவாங்க?”

“நாளைக்கு வர வேணாம்னீங்களே, பாய்?”

“நான் சொன்னதை எல்லாமா கேப்ப? நாலு வருஷமா கேக்காதவன் இன்னிக்கு மட்டும் எதுக்குக் கேக்குற? உக்காரு. டீ சொல்றேன்.”

ஜெபகுமார் உட்கார்ந்தார். ஃபரா மீதிப் பத்துப் பென்சில்களையும் பையிலிருந்து எடுத்து அடுக்கினாள். அன்று மாலை நான்கு மணிக்குக் கம்ப்யூட்டரில் மயிலுக்கு வால் முளைத்தது.

ஒரே ஒரு தகவல்: மின்கம்பிப் பராமரிப்புக்காக அந்த வியாழக்கிழமை காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை பிள்ளையார்பாளையம் முழுவதும் கரண்ட் இல்லை.