மூன்றே முக்கால் பஸ்

மதியம் மணி ஒன்று நாற்பது. ஹால் டிக்கெட்டைக் காணோம்.

அலமேலு அந்தப் புத்தகத்தை மூன்று முறை உதறினாள். பினாங்கிலிருந்து மாமா அனுப்பிய அமெரிக்க மாதிரித் தேர்வுப் புத்தகம். டிக்கெட் வந்த பத்து நாளாக அதன் பின்னட்டைக்குள்தான் இருந்தது. நான்காம் முறை உதறியபோது தையல் விட்டுப் பக்கங்கள் கொட்டின. மிச்சத்தைச் சுவரில் விட்டெறிந்தாள்.

யாராக இருந்தாலும் எறியத்தான் செய்வார்கள். வடக்கே புதிதாகத் திறந்திருந்த நிர்வாகக் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு. 1965-ல் புதுக்கோட்டையில் அப்படி ஒரு படிப்பு இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. சொல்லித்தர யார் இருக்கிறார்கள்? பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாமல் ஆறு மாதமாகப் பேஸ்பால் கணக்குப் போட்டிருக்கிறாள். வந்து போனவர்கள் எல்லாரும் ஒரே பாட்டு: "பொம்பளப் புள்ள எந்தக் கம்பெனியை நிர்வாகம் பண்ணப் போகுது? எங்கிட்டுத் தேறப் போகுது?"

அவள் அப்பச்சி, அதாவது அப்பா, உடையப்பன் மட்டும், "ஒரு தடவை எழுதிப் பாரு. ஆகலைன்னா தையில கல்யாணம்" என்றிருந்தார். நாளைக் காலை சென்னையில் தேர்வு. மூன்றே முக்கால் பஸ்ஸில் திருச்சி போனால்தான் ராத்திரி ரயில். பஸ் போனால் தையில் கல்யாணம்.

2.05. சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பிரகதாம்பாள் உள்ளே வந்தாள். தாலுகா ஆபீஸ் டைப்பிஸ்ட். அலமேலுவின் விண்ணப்பத்தை அடித்துக் கொடுத்தவள். ஒரு எழுத்து தப்பினாலும் தாளையே உருவிப் போடுகிற ரகம். ஜலதோஷத்துக்கு லீவு போட்டிருந்தாள். கூடத்தில் உடையப்பன் வேலைக்காரி முனியாயியை உருட்டி மிரட்டிக்கொண்டிருந்தார்.

"மேல கூட்டுறது நீதானே? சொல்லு!"

"பரீட்சைப் புள்ள வையுமுன்னு ரெண்டு நாளா அங்கிட்டுக் கூட்டவே இல்லைங்க" என்று முனியாயி அழுதாள்.

பிரகதாம்பாள் மாடி அறையைப் பார்த்துவிட்டு வந்தாள். தரை முழுக்கப் பென்சில் சீவல், தூசி. "இவ சொல்றது நெசம். துடைப்பம் பட்டு ரெண்டு நாளாச்சு. விடுங்க அண்ணே."

உடையப்பன் முறைத்தார். முனியாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

2.25. அலமேலுவின் அண்ணன் நாச்சியப்பன். கட்டி வைத்த பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான்.

"இன்னைக்கு மேல போனியா?" என்றாள் பிரகதாம்பாள்.

"போனேன். பென்சில் எடுக்க."

"நீயும் விண்ணப்பம் போட்டே. ஒனக்கு டிக்கெட் வரலை."

"வரலைக்கா. அதுக்காக அவ டிக்கெட்டைத் திங்கவா முடியும்? தொணைக்கு மெட்ராஸ் போறதே நாந்தான். இன்னைக்காவது நேரத்துக்குப் பஸ் ஏறலாமுன்னு இருந்தேன். போன மாசம் ஒரு செவ்வாக்கெழமை, கீரனூர் போகக் கெளம்புறேன், பால் குடிச்சாத்தான் வாசப்படி தாண்டணுமுன்னு அப்பச்சி மறிச்சுட்டாக. பால் காயுறதுக்குள்ள பஸ் போயிருச்சு."

2.40. அலமேலுவின் அம்மா சாலாவைப் பிரகதாம்பாள் அடுக்களையில் பிடித்தாள்.

"டிக்கெட்டைப் பாத்தீங்களா?"

"எனக்கு இங்கிலீசே படிக்கத் தெரியாது, எது டிக்கெட்டு எது காயிதமுன்னு என்ன கண்டேன்? இருங்க, காப்பி தாரேன். கடுங்காப்பிதான். பால் பூராத்தையும் ஒறை ஊத்துன்னு அவுக காலையிலேயே சொல்லிட்டாக."

பிரகதாம்பாளுக்கு எரிச்சல் மண்டையில் ஏறியது. முக்கால் மணி நேரம் விசாரித்துக் கிடைத்தது கொஞ்சம் தூசியும் கடுங்காப்பியும்தான். டம்ளரோடு கூடத்துக்கு வந்தாள். அலமேலு படியில் உட்கார்ந்து, கிழிந்த பக்கங்களை எண் வரிசைப்படி அடுக்கிக்கொண்டிருந்தாள். இனி எதற்கென்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

சுவரில் தினசரிக் காலண்டர். செவ்வாய் தாள் மேலே இருந்தது. அதன் அடிவரியைப் பிரகதாம்பாள் படித்தாள். கடுங்காப்பியைப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

3.05.

"அண்ணே, இன்னைக்குக் காலண்டர் தாளைக் கிழிச்சது யாரு?"

"என்னைக்கும் நாந்தான்."

"படிச்சீங்களா?"

"படிக்காம என்ன? அதைப் படிச்சிட்டுத்தான் பல்லே வெளக்குவேன்."

"அப்ப டிக்கெட்டை எடுங்கண்ணே. அதை வச்சிருக்கிறது நீங்கதான்."

உடையப்பன் சிரிக்கப் பார்த்தார்; சிரிப்பு வரவில்லை.

"செவ்வாக்கெழமை வடக்கே சூலம், பரிகாரம் பால். தாள்லயே போட்டிருக்கு. திருச்சி வடக்கே, மெட்ராஸ் அதுக்கும் வடக்கே. கீரனூர் போறதுக்கே பையனை மறிச்சவுக நீங்க. இன்னைக்கு ரெண்டு புள்ளைகளும் வடக்கே கெளம்புது, அதுவும் பரீட்சைக்கு. நீங்க சூலத்தைப் பத்தி மூச்சு விடலை. இருந்த பாலையும் ஒறை ஊத்தச் சொல்லிட்டீங்க. யாரும் போகப் போறதில்லைன்னு இந்த வீட்டுல காலையிலேயே தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தருதான். அலமேலு தேடுனதே ஒன்னு நாப்பதுக்குத்தானே?"

உடையப்பன் பூஜை அலமாரியில் இருந்த பஞ்சாங்கத்தை எடுத்தார். அதற்குள்ளிருந்து மடங்காத டிக்கெட்டை எடுத்து நீட்டினார்.

அலமேலு வாங்கிக்கொண்டாள். "நான் எங்கிட்டுத் தேறப் போறேன்னு ஊரே சொல்லுச்சு. போயிட்டு வரட்டுமுன்னு சும்மா விட்டிருக்கலாமே, அப்பச்சி?"

"தேற மாட்டேன்னு நெனச்சிருந்தா எதுக்கு ஆத்தா எடுக்கப் போறேன்?" என்றார். "நீ எழுதுனாத் தேறிருவே. அப்புறம் போகாதேன்னு சொல்ல எனக்கு வாய் ஏது?"

ஆறு மாதத்தில் அவள் தேறுவாள் என்று சொன்ன முதல் ஆள். அதைக் கேட்கத்தான் இத்தனை நாள் ஏங்கியிருந்தாள்; கேட்டதும் அழுகையும் ஆத்திரமும்தான் வந்தது.

உடையப்பன் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போனார். டீக்கடை வாசலை மிதிக்காத மனுஷர். 3.25-க்கு மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். டம்ளரில் முக்கால்வாசிப் பால், மீதி வேட்டியில்.

"குடிச்சிட்டுப் போ."

அலமேலு வாங்கவில்லை. "இது சூலத்துக்குப் பரிகாரம். முனியாயிக்கு என்ன பரிகாரம், அப்பச்சி?"

வாசலில் ரிக்‌ஷாக்காரன் மணியடித்தான். நாச்சியப்பன் பெட்டியோடு தவித்தான். உடையப்பன் மகளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு டம்ளரோடு கொல்லைப்பக்கம் போனார்.

"தப்பு என்னுதுதான், முனியாயி. மனசுல வச்சுக்காதே" என்று அவர் சொன்னது கூடம்வரைக்கும் கேட்டது.

அவர் திரும்பி வந்ததும் அலமேலு பாலை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். நாக்குச் சுட்டது. கிழிந்த புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறினாள். மணி 3.31.