என் குரலில் கூப்பிட்டவள்

சித்திரை மாதத்து உச்சி வெயிலில் வைப்பாற்றுத் தடுப்பணை அருகே காரை நிறுத்தினோம். கோடை மழை பெய்திருந்ததால் கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

"இதுக்குப் பேர் ஆறா? எங்க தெருவுல மழை பேஞ்சா இதைவிட அதிகமா நிக்கும்" என்றார் என் கணவர்.

செண்பகராஜ் என்ற பெயர் மட்டும்தான் எங்கள் பக்கத்துப் பெயர், வளர்ந்ததெல்லாம் சென்னை. என் அம்மா காய்ச்சிய கம்பங்கூழை, அவள் காதுபடவே மாட்டுத் தீவனம் என்றவர். ரப்பர் கயாக் படகை என் அண்ணன் மாரிச்சாமி பம்பை மிதித்து மிதித்து ஊதிக்கொண்டிருக்க, இவர் கூலிங் கிளாஸோடு செல்ஃபி எடுத்தார்.

அவருக்கு எல்லாவற்றையும்விட இளப்பம், நான் அவர் பெயரைச் சொல்லாதது.

"உங்க தங்கச்சி எம்.காம். படிச்சிருக்கா மச்சான். புருஷன் பேர் மட்டும் வாயில வராது. மாடு கத்துற மாதிரி 'ஏங்க, ஏங்க'ன்னு..."

எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் சொல்வதில்லை. நானும் சிரித்து வைத்தேன். இத்தனைக்குப் பிறகும் அந்த மனுஷனை எனக்குப் பிடித்துத் தொலைத்திருந்தது.

"மாப்ள, கிழக்க மணல் அள்ளுன கிடங்கு கெடக்கு, ரெண்டாள் ஆழப் பள்ளம். போன வருசம் ஒரு புதுப்பொண்ணு அதுல முங்கிச் செத்துட்டா. அங்கன மட்டும் போயிராதீங்க. லைஃப் ஜாக்கெட்ட மாட்டிக்கிடுங்க."

"முழங்கால் தண்ணிக்கா? போங்க மச்சான்!"

துடுப்பை வீசிக்கொண்டு போனார். அந்த வீச்சில் பாதி தண்ணீர் அவர் முகத்திலேயே விழுந்தது. நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் காற்று நின்றது. கருவேலங்காட்டில் கத்திக்கொண்டிருந்த பறவைகளும் அடங்கின. பாசி நாற்றத்துக்கு நடுவே, அப்போதுதான் அரைத்த மஞ்சளின் வாசனை வந்தது.

நடு ஆற்றில் அவர் துடுப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"அப்பாடா! பேர் சொல்ல வந்துடுச்சா? இன்னொரு தடவை கூப்பிடு லட்சுமி!"

நான் வாயே திறக்கவில்லை.

அண்ணன் என்னைப் பார்த்தான். "நீ கூப்பிட்டியா தாயி?"

"இல்லண்ணே."

அவர் எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. கிழக்கே, ஆளில்லாத கரையைப் பார்த்துக் கையசைத்தார். படகு மெல்லக் கிடங்கை நோக்கித் திரும்பியது.

"ஏங்க! வேண்டாங்க, திரும்பி வாங்க!"

கேட்டதாகத் தெரியவில்லை.

"பேரச் சொல்லிக் கூப்பிடு! அது பேரச் சொல்லித்தான் இழுக்குது!" என்று கத்திக்கொண்டே அண்ணன் சட்டையைக் கழற்றினான்.

கல்யாணமாகி ஆறு வருஷம். முதல் தடவையாகச் சொன்னேன்.

"செண்பகராஜ்!"

அவர் திரும்பினார். என்னை உற்றுப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு வடிந்துபோனது.

பிறகு படகின் ஓரத்தில் குனிந்து, தண்ணீரிடம் தணிந்த குரலில் சொன்னார். அந்த அமைதியில் ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது.

"லட்சுமி, அங்க பாரு. உன்னை மாதிரியே ஒருத்தி நிக்கிறா."

அண்ணன் பாய்ந்து நீந்தினான். கிடங்கின் விளிம்பில் படகை எட்டிப் பிடித்துவிட்டான். ஆனால் இழுத்துக் கரை சேர்க்க அரை மணி நேரமானது. கரையில் விழுந்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்.

"ஒத்தாள் கனம் இல்லட்டி இது."

அன்றே சென்னை திரும்பினோம். இப்போது அவர் என்னைக் கேலி செய்வதில்லை. ஊரைப் பழிப்பதில்லை. என்னோடு பேசுவதே குறைவு. பிழைத்து வந்தாரே, அது போதும் என்றிருந்தேன்.

நேற்று மதியம் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தேன். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அதன் முன்னால், யாருக்கும் தலை வணங்காத என் கணவர், மடித்த துண்டைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார்.

"இதோ நிக்கிறேங்க" என்றார், ஒருநாளும் என்னிடம் காட்டாத பணிவோடு. "நீங்க மெதுவா வாங்க."

உள்ளே தாழ்ப்பாள் விலகியது.