ஜெரோம் மறைத்த பார்

மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று கிளம்புவதற்குள் போய்த் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லித்தான் கில்பர்ட் படகை இறக்கினான். வானம் ஏற்கெனவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. பனைத்துறையில் அன்றைக்கு வேறு ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. இவர்கள் மட்டும் மூன்று பேர்: கில்பர்ட், சங்கு குளிக்கிற சூசை, பிறகு கோயம்புத்தூரிலிருந்து வந்த வாணி. கில்பர்ட்டின் அண்ணன் ஜெரோம் தனியாகக் கடலுக்குப் போய்க் காணாமல் போய் மூன்று வாரம் ஆகிறது. அவனைத் தேடித்தான் இந்தப் பயணம். வாணிக்கும் அவனுக்கும் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார்கள்.

இந்த இரண்டு பேரும் எப்படிச் சேர்ந்தார்கள் என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். படகு எங்கே நிற்கிறது என்பதைக் கரைக்குச் சொல்லும் கருவியைப் பொருத்தத்தான் வாணி அந்த ஊருக்கு முதலில் வந்தாள். பொருத்தினால் படகு ஒவ்வொன்றும் அவளுடைய திரையில் ஒரு பச்சைப் புள்ளியாக ஊரும். மற்றப் புள்ளிகள் எப்போதாவதுதான் மறைந்தன. ஜெரோமின் புள்ளி மட்டும் வாரம் தவறாமல் நடுக்கடலில் காணாமல் போகும், சாயங்காலம் வேறெங்கோ முளைக்கும். கருவியில் கோளாறு என்று வாணி ஓடிவருவாள். கழற்றுவாள், மாட்டுவாள். அவன் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பான். அவன் அம்மா செபஸ்தியம்மாள் மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட வைத்துத்தான் அனுப்புவாள். மறு வாரமும் புள்ளி காணாமல் போகும். இப்படிப் பழுது பார்த்துப் பார்த்தே அவன்மேல் மனசு போய்விட்டது அவளுக்கு.

அவன் திரும்பாத அன்று, கடைசிப் புள்ளி தெரிந்த இடத்தைச் சுற்றித்தான் எல்லோரும் தேடினார்கள். ஹெலிகாப்டர் கூட வந்து போனது. ஒன்றும் கிடைக்கவில்லை, தேடலை நிறுத்திவிட்டார்கள். கருவி பழுதானதால்தான் அவன் போய்விட்டான், பொருத்தினவள் தான்தானே என்று வாணி சோறு தண்ணீர் இல்லாமல் அதே மாதிரிக் கருவி ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பனைத்துறையிலோ செபஸ்தியம்மாள் தினமும் மகனுக்கும் சேர்த்து உலை வைத்தாள். இறந்தவர்களுக்கான பூசை வைக்கலாம் என்று சர்ச் சாமியார் சொன்னதற்கு, உயிரோடு இருக்கிறவனுக்கு என்ன பூசை என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் கில்பர்ட் வாணிக்குப் போன் போட்டு அந்த உண்மையைச் சொன்னான்.

"கருவியில ஒரு கோளாறும் இல்ல. அண்ணன்தான் அணைச்சு வச்சிருக்கும். நாங்க எல்லாருமே அப்படித்தான் செய்வோம்."

கடலுக்கு அடியில் மீன் கூடுகிற பாறைத்திட்டைப் பார் என்பார்கள். தான் கண்டுபிடித்த பாரைக் கூடப்பிறந்தவனுக்குக் கூடக் காட்ட மாட்டார்கள். புள்ளி காட்டிக்கொடுத்துவிடுமே, அதனால் பாருக்குப் போகும்போது கருவியை அணைத்துவிடுவது. இதை அதிகாரிகளிடம் சொன்னால் எல்லோர் குட்டும் வெளிப்பட்டுவிடும் என்று ஊரே வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. கில்பர்ட்டும்தான்.

வாணி அவனைத் திட்டவில்லை. போனை வைத்துவிட்டுப் பழைய பதிவுகளை எல்லாம் எடுத்துப் பரப்பினாள். புள்ளி மறைந்த இடம், திரும்ப முளைத்த இடம், இடைப்பட்ட நேரத்தில் அவன் எஞ்சின் வேகத்துக்கு எவ்வளவு தூரம் போய் வர முடியும், எல்லாவற்றையும் கணக்குப் போட்டு ஒவ்வொரு பயணத்துக்கும் வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டாள். வட்டங்கள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்த இடம் உள்ளங்கை அளவுதான். ஊரே தேடிய இடத்துக்கு வெகு தொலைவு கிழக்கே!

அங்கேதான் இப்போது படகு போய்க்கொண்டிருந்தது. கரை மறைவதற்குள்ளேயே வாணி இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டாள். "மேடம், மீனுக்குத் தீனி போட்டது போதும், கொஞ்சம் நம்ம வேலையையும் பாப்போம்" என்று சூசை சீண்டினான். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு, ஒலி அலையால் கடலடியைப் படம் பிடிக்கும் சோனார் கருவியை நீரில் இறக்கினாள்.

திரையில் மணல், மணல், மணல். திடீரென்று மேடு எழும்பியது. பார்! சூசை சீட்டியடித்தான். அந்த நேரம் பார்த்துக் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியது. அலை படகைத் தூக்கிப் போட்டது, சோனார் கம்பி இழுத்துக்கொண்டு அலறியது. கில்பர்ட் திரும்பிவிடலாம் என்றான்.

"ஒரே ஒரு சுத்துங்க" என்றாள் வாணி.

அந்தச் சுற்றில்தான் தெரிந்தது. பாரின் ஓரத்தில், பாறைக்குச் சம்பந்தமே இல்லாத நேர்க்கோட்டில், ஒரு படகின் உருவம்.

சூசை இடுப்பில் கயிற்றைக் கட்டி, முகமூடியை மாட்டிக் குதித்தான். மேலே இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சூசை மேலே வந்து படகின் விளிம்பைப் பிடித்தான். ஏறவில்லை. அதுவரைக்கும் மேடம் என்று கூப்பிட்டவன்,

"அண்ணி, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்க" என்றான்.

பாறையில் சிக்கிய நங்கூரத்தை விடுவிக்கப் பார்த்திருக்கிறான் ஜெரோம். அலை புகுந்து படகு அமிழ்ந்தபோது நங்கூரக் கயிறு காலைச் சுற்றி அவனையும் கீழே இழுத்துப் போயிருந்தது.

வாணி திரும்பிக்கொள்ளவில்லை. அவனைத் தூக்கிக் கிடத்தியபோது அவள் தன் பையைத் திறந்து, மடிப்புக் கலையாத நீலச் சட்டை ஒன்றை எடுத்து மேலே போர்த்தினாள். எந்தத் தீவிலாவது ஒதுங்கியிருப்பான், போட்டுக்கொள்ள உடுப்பு வேண்டுமே என்று எடுத்து வந்திருக்கிறாள். அதைப் பார்த்த பிறகுதான் கில்பர்ட் வாய்விட்டு அழுதான்.

பேய்க்காற்றை எதிர்த்து அவன் படகைக் கரை சேர்த்ததைப் பனைத்துறையில் இன்னமும் பேசுகிறார்கள். அன்றைக்கே பல வீடுகளில் ஆண்கள், தங்கள் பார் எங்கே இருக்கிறது என்று மனைவி காதில் சொல்லி வைத்தார்களாம். வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும் என்று.

கல்லறைத் தோட்டத்தில் சொந்தக்காரர்கள் குழியைச் சுற்றி நின்றார்கள். தாலி ஏறாதவளுக்கு அங்கே என்ன இடம் என்று வாணி வெளிச்சுவரை ஒட்டி, செருப்புகள் கிடந்த பக்கம் நின்றுகொண்டாள். ஜெபம் முடிந்தது. முதல் கைப்பிடி மண்ணை அம்மா போட வேண்டும். செபஸ்தியம்மாள் மண்ணை அள்ளினாள். போடவில்லை. மூடிய கையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் நடந்து வந்தாள்.

"கடலு வச்சிக்கிட்டவன எனக்குக் கொண்டாந்து தந்தவ நீ" என்றாள். "மொதக் கை நீ போடு தாயி."

வாணியின் விரல்களைப் பிரித்து, அந்த மண்ணை உள்ளங்கையில் வைத்து மூடி, குழிவரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.