நடு கேலரியில் மூன்று சீட்டு

திங்கட்கிழமை காலை ஆறே முக்கால். உப்பளத்தில், தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டை ஜலால் திறந்தார். பூட்டு சாவிக்கு வழக்கம்போல இணங்கியது. உள்ளே மோட்டார் சைக்கிள் இல்லை.

அது நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் பளபளத்தது. மேலே போர்த்தியிருந்த தார்ப்பாய் நான்காக மடிக்கப்பட்டு, ஓரமாக, ஒழுங்காக இருந்தது.

"நிஷா!" என்று மனைவியைக் கூப்பிட்டுக் கத்தினார்.

சாதாரண வண்டி இல்லை அது. எந்தக் காலத்திலோ ஒரு பிரெஞ்சுக்காரர் பந்தயம் ஓட்டியது. அவர் ஊரைவிட்டுப் போனபோது ஒரு குடோனில் போட்டுவிட்டுப் போனார். குடோனிலிருந்து காயலான் கடைக்கு வந்தது. அங்கே ஜலால் கண்ணில் பட்டது. ஜலாலுக்குப் பெயிண்ட் கடை. வண்டிமேல் பித்து உண்டே தவிர ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. ஸ்பேனர் பிடித்தவர் ரெட்டியார்பாளையத்தில் மெக்கானிக் ஷாப் வைத்திருக்கும் சகாயநாதன். ஒன்பது வருஷம், ஞாயிறு பூசை முடிந்ததும் நேராக இந்த ஷெட்டுக்கு வந்து, ஒவ்வொரு துண்டாகக் கழற்றி, தேய்த்து, இல்லாததைக் கடைசல் பட்டறையில் செய்து பூட்டி, அந்த வண்டியை மறுபடி உறும வைத்தவர்.

ஒன்பது மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் செந்தமிழ்ச்செல்வி வந்தார். கேள்வியைச் சின்னதாகக் கேட்டுவிட்டு, பதில் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கும் பழக்கம் அவருக்கு. அந்தச் சும்மா நேரத்தில்தான் ஜனங்கள் நிறையப் பேசிவிடுவார்கள்.

"கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"ஞாயித்துக்கிழமை விடியக்காலம் மேடம். கிளம்பறதுக்கு முன்னாடி."

"எங்க கிளம்புனீங்க?"

"பைக் ரேஸ் பார்க்க. சென்னைக்கு அந்தப் பக்கம் ரேஸ் ட்ராக் இருக்குல்ல, அங்க. நான், வீட்ல, என் பொண்ணு ரூமானா, அப்புறம் சகாயம். வருஷா வருஷம் நானும் சகாயமும் மட்டும்தான் போவோம். இந்த வருஷம் அவன்தான் தங்கச்சியையும் பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க பாய்னு சொன்னான். எல்லாருக்கும் சீட்டும் அவன்தான் எடுத்தான்."

"சாவி?"

"ரெண்டு இருக்கு. ஒண்ணு எங்கிட்ட. இன்னொண்ணு பக்கத்துல பஞ்சர் கடை வடிவேலுகிட்ட. வெளியூர் போனா அவன்தான் பார்த்துக்குவான்."

"பூட்டு புதுசா இருக்கே?"

"ரெண்டு மாசம் ஆச்சு. சகாயம் வாங்கி மாட்டினது. பழசு துருப்பிடிச்சிடுச்சுன்னு."

செந்தமிழ்ச்செல்வி பூட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கீறல் இல்லை. பேசாமல் நின்றார்.

ஜலால் தாங்க முடியாமல் சொன்னார். "வடிவேலுதான் மேடம். வேற யாரு? நேத்து கடையே திறக்கலயாம். எதிர்வீட்ல மத்தியானம் ஒரு மினி லாரி நின்னதப் பார்த்திருக்காங்க."

வடிவேலு அன்று முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மச்சினன் குழந்தைக்குக் காது குத்து, பாகூர் போயிருந்தேன், சாவி ஆணியிலேயே தொங்குச்சு என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். ஊரைவிட்டுப் போகக் கூடாது என்றும் சொன்னார்கள்.

சேதி கேட்டு ஓடி வந்த சகாயநாதன், காலி ஷெட்டைப் பார்த்ததும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ஜலாலின் தோளைக் கட்டிக்கொண்டார். "கிடைச்சிடும் பாய். அந்த வண்டிய எவனாலயும் விக்க முடியாது" என்றார். இரண்டு பேருமே அழுதார்கள்.

செவ்வாய்க்கிழமை செந்தமிழ்ச்செல்வி தனியாக வந்தார். ஜலால் கடைக்குப் போயிருந்தார். ஜஹபர் நிஷா டீ கொடுத்தார்.

"ரேஸ் நல்லா இருந்துச்சா?"

"எனக்கு என்ன தெரியும் மேடம்? ஒரே இரைச்சல். ஆனா உக்காந்த இடம் சொகமா இருந்துச்சு. மேல கூரை. ட்ராக்குக்கு நடுவுல இருக்குற கேலரி அது. பாவம், சகாயண்ணன்தான் எதிர்ப்பக்கம் மொட்டை வெயில்ல உக்காந்தாரு. மூணு சீட்டுதான் கிடைச்சுதாம். நீங்க நிழல்ல இருங்க, நான் பார்த்துக்குறேன்னு போயிட்டாரு."

ரூமானா கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினாள். "நான் முன் சீட்டு மேல கால நீட்டிக்கிட்டே பார்த்தேன் மேடம். எங்க வரிசையில எங்களத் தவிர ஆளே இல்ல."

"ரேஸ் முடியற வரைக்கும் இருந்தீங்களா?"

"இருந்தோம்" என்றார் நிஷா. "அவரு எப்பவும் பாதியிலயே கிளம்பிடுவாரு. வெயில் ஒத்துக்காது. போன வருஷம் மத்தியானச் சாப்பாட்டுக்கே வீட்டுக்கு வந்துட்டாரு. இந்த வருஷமும் சகாயண்ணன் பக்கம் போய் உக்காரறேன்னு எழுந்தாரு. கேட்டு பூட்டிட்டாங்கன்னு திரும்பி வந்துட்டாரு. எங்க கேலரிய விட்டு ட்ராக்கைத் தாண்டித்தான் வெளிய போகணுமாம். காலையில வண்டி ஓட ஆரம்பிச்சா, சாயங்காலம் எல்லாம் முடிஞ்சுதான் கேட்டைத் திறப்பாங்களாம்."

செந்தமிழ்ச்செல்வி டீயைக் கீழே வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நிஷா அந்த மௌனத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டார். "அண்ணன் மேல சந்தேகப்படாதீங்க மேடம். தங்கமான மனுஷன். மூணு மணி வாக்குல மழை பிடிச்சுக்கிட்டுக் கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சு. எதிர்க் கேலரில ஜனமெல்லாம் நாற்காலியத் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு நிக்குது. அண்ணன் அங்க நனையுறாரேன்னு எங்களுக்கு மனசே கேக்கல. ஆனாலும் பாருங்க, திரும்பி வர்றப்போ கார்ல எனக்குக் குமட்டிக்கிட்டு வந்தது. உடனே தோள்ல இருந்த துண்ட எடுத்துக் குடுத்தாரு. கஞ்சி போட்டுத் தேய்ச்ச வெள்ளைத் துண்டு. மடிப்புகூடக் கலையல. அதுல போய் வாந்தி எடுத்துட்டேன்."

"வரேம்மா" என்று செந்தமிழ்ச்செல்வி எழுந்தார்.

ரெட்டியார்பாளையத்தில் சகாயநாதன் ஒரு ஸ்கூட்டருக்குக் கீழே படுத்திருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"உக்காருங்க. கேஸ் விஷயமில்ல" என்றார் செந்தமிழ்ச்செல்வி. "என் தம்பி ரேஸ் பார்க்கணும்னு நச்சரிக்கிறான். காசு கம்மியா, நல்லாப் பார்க்கற மாதிரி எந்தக் கேலரில சீட்டு எடுக்கறது? உங்களத்தான் கேக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க."

சகாயநாதன் முகம் மலர்ந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவருக்கு எப்போதும் நேரம் உண்டு.

"ஸ்டார்ட்டிங் லைனுக்கு எதிர்ல இருக்கே, அதுதான் விலை ஜாஸ்தி. அங்க என்ன மேடம் இருக்கு? சர்ர்னு போயிடும், அவ்வளவுதான். கொண்டை ஊசி வளைவுக்கு வெளிப்பக்கம் உக்காரச் சொல்லுங்க. விலை அதுல பாதிகூட இருக்காது. அங்கதான் எல்லாரும் பிரேக் அடிச்சாகணும். ஒருத்தன ஒருத்தன் முந்துறது, விழறது, எல்லாம் கண்ணு முன்னாடி நடக்கும். கீழ் வரிசை வேணாம், கம்பிவேலி மறைக்கும். மேல இருந்து ரெண்டாவது வரிசை. பெரிய திரை எதிர்ல தெரியணும். சாயங்கால வெயில் முதுகுல விழணும், மூஞ்சில இல்ல."

"நடு கேலரி?"

"சே! அது வீண் காசு. கூரை இருக்கு, சரி. ஆனா வண்டி முதுகத்தான் பார்க்கணும். உள்ள போனா வெளிய வரவும் முடியாது."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. செந்தமிழ்ச்செல்வி சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சிக்கு வெயில் ஆகாது. அதான் அவங்களுக்கு அது எடுத்தேன்" என்றார் சகாயநாதன்.

"நீங்க கூட உக்காரலயா?"

"மூணுதான் மிச்சம் இருந்துச்சு மேடம்."

"மழை பெய்ஞ்சுதாமே?"

"அதை ஏன் கேக்கறீங்க, தொப்பலா நனைஞ்சுட்டேன். ஒதுங்க இடமே இல்ல."

புதன்கிழமை காலை, ஜலால் வீட்டுப் பின்கட்டு. ஜலால், நிஷா, சகாயநாதன், வடிவேலு. நான்கு பேரையும் செந்தமிழ்ச்செல்விதான் வரச் சொல்லியிருந்தார். வடிவேலு ஜலாலைப் பார்க்காமல், சுவரோரம் தள்ளி நின்றார்.

"பூட்டை உடைக்கல. சாவி போட்டுத் திறந்திருக்காங்க" என்று ஆரம்பித்தார் செந்தமிழ்ச்செல்வி. "பாய், இந்தப் பூட்டு வித்த கடையில கேட்டேன். பூட்டோட மூணு சாவி வருமாம். உங்களுக்கு ரெண்டுதான் வந்திருக்கு."

ஜலாலுக்குப் புரியவில்லை. "சகாயம், மூணா வந்துச்சு?"

சகாயநாதன் தரையைப் பார்த்தார்.

"திருடன் தார்ப்பாயை மடிச்சு வச்சுட்டுப் போயிருக்கான். அவசரத்துல இருக்கறவன் அப்படியே தள்ளிவிட்டிருப்பான். இந்த ஷெட்டுல தார்ப்பாயை மடிச்சு வச்சே பழகின ஒருத்தர் கை அது."

"மேடம், அவன் எங்களோட ரேஸ்ல..." என்று ஜலால் குறுக்கிட்டார்.

"உங்களோட கேட்டு வரைக்கும் வந்தார். உள்ள அவரை நீங்க யாரும் பார்க்கல. மூணு சீட்டுதான் மிச்சம்னு சொன்னார். உங்க வரிசையே காலியாக் கிடந்துச்சுன்னு உங்க பொண்ணு சொல்லுது. மழையில தொப்பலா நனைஞ்சேன்னு எங்கிட்ட சொன்னார். அதே சாயங்காலம் தோள்ல இருந்து உங்க வீட்டுக்காரம்மாவுக்குக் குடுத்த துண்டு கஞ்சி மடிப்பு கலையாம இருந்திருக்கு."

நிஷா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

"கேட்டுகிட்ட இவருக்காக ஒரு வாடகைக் கார் காத்துக்கிட்டிருந்துச்சு. டிரைவரைப் பிடிச்சுப் பேசிட்டேன். இவர் மத்தியானம் இங்க வந்து, தன் ஷாப்போட மினி லாரியில வண்டிய ஏத்திக் கொண்டுபோய் விட்டுட்டு, அதே கார்ல திரும்பி, ரேஸ் முடியறதுக்குள்ள கேட்டுகிட்ட வந்து நின்னுட்டார். இதுல எனக்கு உறுத்தினது ஒண்ணுதான். காசுக்கேத்த சீட்டு பார்க்கறதுல இவர் புலி. அப்படிப்பட்டவர், வீண் காசுன்னு தானே சொல்ற கேலரில உங்களைக் குடும்பத்தோட ஏன் உக்கார வச்சார்? நீங்க தனியா வந்தா பாதியில கிளம்பிடுவீங்க. இல்லன்னா அவரைத் தேடிக்கிட்டு எதிர்ப்பக்கம் போவீங்க. வீட்டுல ஆள் இருந்தாலும் காரியம் நடக்காது. உங்க மூணு பேரையும் ஒரு நாள் பூரா பூட்டி வைக்கணும். பூட்டின இடம்னு உங்களுக்கே தெரியக் கூடாது. அதுக்கு அந்த நடு கேலரி சரியா இருந்துச்சு."

முதலில் அசைந்தது வடிவேலு.

"ஒரு நாள் பூரா பெஞ்சுல உக்கார வச்சீங்க பாய்" என்றார். ஜலால் அவர் பக்கம் கையை நீட்டினார். அதற்குள் வடிவேலு கொல்லைக் கதவைத் தாண்டிப் போய்விட்டார்.

"ஏன்டா?" என்றார் ஜலால்.

சகாயநாதன் நிமிர்ந்தார். "கடற்கரைப் பக்கம் ஓட்டல் வச்சிருக்காரே, அவரு என் ஷாப்புக்கு வந்தாரு பாய். பழைய வண்டி ஒண்ணு வாங்கறேன், வரவேற்பறையில நிக்க வைக்கணும், எஞ்சினக் கழட்டிட்டா எடை குறையுமான்னு கேட்டாரு. எந்த வண்டின்னு கேட்டேன். உங்க பேரைச் சொன்னாரு."

ஜலால் காலி ஷெட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒன்பது வருஷம் பாய். என் பேரை வண்டியில எழுதுங்கன்னு கேட்டேனா? விக்கப் போறேன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லக் கூடாதா? எஞ்சினக் கழட்டி, பூந்தொட்டி மாதிரி..."

"சொன்னா நீ அழுவே. அதான் சொல்லல."

"அழுதிருப்பேன். அழுதுட்டு விட்டிருப்பேன்."

அரியாங்குப்பத்தில் சகாயநாதனின் அக்கா வீடு பூட்டிக் கிடந்தது. அக்கா பிரான்ஸில். பின்பக்க அறையில், மரக்கட்டைகளின் மேல், பூப்போட்ட படுக்கை விரிப்பு ஒன்றைப் போர்த்திக்கொண்டு வண்டி நின்றது. ஒரு கீறல் இல்லை. டயருக்கடியில் சாக்குப் போட்டு வைத்திருந்தார்.

ஜலால் விரிப்பை விலக்கி, பெட்ரோல் டேங்கின் மேல் உள்ளங்கையை வைத்தார். அப்படியே நின்றபடி கைப்பேசியை எடுத்தார்.

"சார், நான் ஜலால் பேசறேன். ஆமா, கிடைச்சிடுச்சு. இல்ல சார், விக்கல. இல்ல, விலைக்காக இல்ல. விக்கறதா இல்ல, அவ்வளவுதான்."

சகாயநாதனின் முகத்தில் மூன்று நாளாக இல்லாத வெளிச்சம் வந்தது. "பாய்..." என்று ஒரு அடி முன்னால் வந்தார்.

செந்தமிழ்ச்செல்வி தொண்டையைச் செருமினார். "பொருள் கிடைச்சிடுச்சு. நீங்களா சமாதானமாப் போறதா இருந்தா, கோர்ட்ல சொல்லிக்கலாம் பாய். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க ஒண்ணுமில்ல மேடம். புகார் அப்படியே இருக்கட்டும்."

"பாய், வண்டிய நான் விக்கறதுக்கா எடுத்தேன்?"

"வண்டிக்காக இல்லடா." ஜலால் திரும்பினார். குரல் உயரவில்லை. "வண்டி விஷயத்துல நான் உனக்குப் பண்ணது தப்பு. அதை ஒத்துக்கறேன். இப்பவே அதைச் சரி பண்ணிட்டேன். ஆனா அன்னிக்கு அந்த மழையில நான் என்ன பண்ணேன் தெரியுமா? உனக்கு மார்ச்சளி இருக்கு. எதிர்ப்பக்கம் திறந்த வெளியில உக்காந்திருக்கியேன்னு, அவ்வளவு இரைச்சலுக்கு நடுவுல, கூரைக்கடியில நின்னு ரெண்டு கையையும் ஏந்தி உனக்காக துஆ கேட்டேன். நிஷாவும் கேட்டா, ரூமானாவும் கேட்டா. எங்க மூணு பேரையும் காலி நாற்காலியப் பார்த்துக் கையேந்த வச்சியேடா."

வெளியே போலீஸ் ஜீப் நின்றது. யாரும் கூப்பிடாமலே சகாயநாதன் போய், பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.